தொட்டி மாறும் பொன்மீன்

மும்பைப் புறநகர் ஒன்றில், ஏழாவது மாடியில் இருக்கிறது எங்கள் வீடு. கடந்த ஜனவரி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, வீட்டிலுள்ள நால்வரும் ஒரு பிளாஸ்டிக் வாளியைச் சுற்றித் தரையில் அமர்ந்திருந்தோம். வாளிக்குள் ஒரு பொன்மீன். வாளியின் வாயைப் பாதி மூடியபடி ஒரு துண்டு. மெல்லிய காற்றுக்குழாய் ஒன்றின் வழியாகப் புதிய தொட்டியின் நீர் நூல்போல் இறங்கி வாளிக்குள் விழுந்துகொண்டிருந்தது. அந்த நீர் ஒரு டம்ளரை நிரப்ப எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பு எங்கள் மகளுடையது. இரண்டு நிமிடத்திற்கு ஒரு டம்ளர். அதற்கு மேல் வேகம் கூடினால் குழாயில் போட்டிருந்த முடிச்சைச் சற்று இறுக்குவோம்.

பழைய தொட்டிக்கும் புதிய தொட்டிக்கும் இடையே இருந்த தூரம் நான்கடிதான். அதைக் கடக்க ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. அதற்கு முன்னால் ஐந்து வாரம் ஆயத்தம் நடந்தது. அண்டை வீட்டார் சிரித்தார்கள். ஆனால் இதற்கு முந்தைய முறை, இதே வேலையை ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு ஒரு மீனைச் சாகக்கொடுத்தவர்கள் நாங்கள்.

அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறோம். மகளின் ஆறாவது பிறந்தநாளுக்கு, கிராஃபோர்டு மார்க்கெட் பக்கத்திலுள்ள வளர்ப்புமீன் கடைகளுள் ஒன்றிலிருந்து இரண்டு பொன்மீன் குஞ்சுகளை வாங்கி வந்தோம். உடன் ஒரு கண்ணாடிக் கிண்ணம். ஐந்து லிட்டர் கொள்ளும். மூன்று நாளுக்கு ஒருமுறை நீர் முழுவதையும் கொட்டிவிட்டுப் புதுநீர் ஊற்றுவோம். அப்படியே ஆறு மாதம் ஓடிற்று. மீன்கள் வளர்ந்தன, கிண்ணம் வளரவில்லை. ஆகவே இரண்டடி நீளத்தொட்டி ஒன்றை வாங்கினோம். குளோரின் நீங்கட்டும் என்று ஒரு நாள் நீரை நிறுத்தி வைத்தோம். புதிய கூழாங்கற்களைப் பத்து முறை கழுவினோம். வடிகட்டியைப் பொருத்தினோம். கடைக்காரர் கொடுத்த நீல மருந்தையும் சில சொட்டுகள் விட்டோம். பிறகு கிண்ணத்திலிருந்த மீன்களை வலையால் அள்ளி நேராக உள்ளே விட்டோம். நீர் பளிங்குபோல் இருந்தது. அதைப் பார்த்துப் பெருமைப்பட்டுப் படங்கூட எடுத்தோம். இவ்வளவு பெரிய தொட்டிக்கு மாதம் ஒருமுறை நீர் மாற்றினால் போதும் என்று முடிவுசெய்துகொண்டதுதான் எல்லாவற்றிலும் பெரிய பிழை.

ஐந்தாம் நாள் இரண்டு மீன்களும் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. “அப்பா, இரண்டும் ஏன் மேலேயே நிற்கின்றன?” என்று மகள் கேட்டாள். பசியாக இருக்கும் என்று சொல்லி இன்னும் கொஞ்சம் தீனி போட்டோம். எட்டாம் நாள் காலையில் ஒன்று பக்கவாட்டில் மிதந்தது. மற்றொன்று பிழைத்தது; அதுவும் எங்கள் திறமையால் அன்று. பயத்தில் அன்றே பாதி நீரை மாற்றியதும், அடுத்த பல நாள்கள் அதையே தொடர்ந்ததும் அதைக் காப்பாற்றிவிட்டன. அந்த மீன்தான் இப்போது வாளிக்குள் இருந்தது. வாலோடு சேர்த்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளம்.

என்ன நடந்தது என்பது பின்னர்தான் விளங்கியது. மீன் தன் செவுள்களின் வழியாகவே அம்மோனியாவை வெளியேற்றுகிறது. கழிவும், தின்னாமல் விட்ட தீனியும் அழுகி மேலும் அம்மோனியாவைத் தருகின்றன. ஆற்றிலோ குளத்திலோ அது பெரும் நீர்ப்பரப்பில் கரைந்துபோகும். கண்ணாடிச் சுவர்களுக்குள் தேங்கி நிற்கும். முதிர்ந்த தொட்டி ஒன்றில் அதைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள் வடிகட்டியின் பஞ்சிலும் கூழாங்கற்களிலும் குடியேறியிருக்கும். நைட்ரோசோமோனாஸ் போன்றவை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரோஸ்பைரா போன்றவை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. முதலிரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவது அவ்வளவு கொடியதன்று. வாராந்தர நீர்மாற்றத்தில் வெளியேறிவிடும். இந்த நுண்ணுயிர்கள் மெல்லப் பெருகுபவை. புதிய தொட்டியில் அவை போதுமான அளவு குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்கு முன்பே மீனை விட்டால், வங்கி இதழின் வாசகர்களுக்குப் புரியும்படி சொல்வதானால், வருமானம் தொடங்கும் முன்பே வட்டி ஏறத் தொடங்கிவிடுகிறது.

கிண்ணத்தில் எங்கள் மீன்கள் ஆறு மாதம் உயிரோடிருந்தது இந்த நுண்ணுயிர்களால் அன்று. மூன்று நாளுக்கு ஒருமுறை நஞ்சைக் கொட்டிக்கொண்டே இருந்ததால். பெரிய தொட்டி வந்ததும் கொட்டுவதை நிறுத்திவிட்டோம், அதைத் தின்ன வேண்டியவையோ இன்னும் வரவில்லை. போதாக்குறைக்கு நீல மருந்து வேறு. மெத்திலீன் ப்ளூ என்னும் அந்த மருந்து பூஞ்சைக்கு நல்லதுதான். ஆனால் வடிகட்டியில் வளரவேண்டிய நுண்ணுயிர்களையும் அது பாதிக்கும். தெளிவான நீர் நல்ல நீர் என்று நம் கண்ணுக்குத் தோன்றுகிறது. அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது.

பொன்மீன் இந்த வகையில் சற்றுக் கடினமான விருந்தாளி என்பதையும் சொல்லவேண்டும். அது கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. சீனாவில் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வளர்ப்பினமாக உருவாக்கப்பட்டது. அதற்கு இரைப்பை கிடையாது. உணவு நேரே குடலுக்குச் செல்வதால் எந்நேரமும் மேய்ந்துகொண்டும் கழித்துக்கொண்டும் இருக்கும். கப்பி, டெட்ரா போன்ற சிறுமீன்களைவிடப் பலமடங்கு கழிவு. தொட்டியின் அளவுக்கு ஏற்பத்தான் மீன் வளரும், ஆகவே சிறு தொட்டியே போதும் என்று பலர் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். சிறு தொட்டியில் மீன் வளராமல் நிற்பது உண்மை. தேங்கிய கழிவால் குன்றிப்போய் நிற்கிறது என்பதே அதன் பொருள். முறையாக வளர்த்தால் பொன்மீன் பத்து, பதினைந்து ஆண்டு எளிதாக வாழும். இங்கிலாந்தின் யார்க்ஷயரில் 1956ஆம் ஆண்டு ஒரு பொருட்காட்சியில் பரிசாகக் கிடைத்த பொன்மீன் ஒன்று 1999ஆம் ஆண்டு வரை, 43 ஆண்டுகள், வாழ்ந்து கின்னஸ் பதிவில் இடம்பெற்றது. குழந்தைக்கு வாங்கிக் கொடுக்கும் மீன் அந்தக் குழந்தையின் கல்லூரிக் காலம் வரை உடன் இருக்கலாம் என்பதை எந்தக் கடைக்காரரும் நமக்குச் சொல்வதில்லை.

இம்முறை நாங்கள் தேர்ந்தெடுத்தது மூன்றடி நீளம், ஒன்றரையடி அகலம், ஒன்றரையடி உயரம் கொண்ட தொட்டி. விளிம்பு வரை ஊற்றினால் ஏறத்தாழ 190 லிட்டர் கொள்ளும். மேலே சற்று இடம் விட்டால் 175 லிட்டர். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. கண்ணாடி, மணல், தாங்கி எல்லாம் சேர்த்தால் கால் டன்னை எட்டும். நம் நாட்டின் கட்டட விதிகள் குடியிருப்புத் தளங்களுக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ பாரத்தை அடிப்படையாகக் கொள்கின்றன. ஆகவே இத்தகைய தொட்டியை அறையின் நடுவிலோ வெளியே நீண்டிருக்கும் பால்கனியிலோ வைப்பது முறையன்று. கீழே உத்தரம் செல்லும் சுவரோரமே தகுந்த இடம். இதைவிடப் பெரிய தொட்டியானால் கட்டடப் பொறியாளர் ஒருவரைக் கேட்டுக்கொள்வதே நல்லது. தாங்கியின் மேல் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தோம். ஒரு கால் சற்றுத் தாழ்ந்திருந்தது. அதைச் சரிசெய்து, கண்ணாடிக்கு அடியில் தெர்மோகோல் அட்டையைப் பரப்பினோம். ஒரு மணற்பரல் அடியில் சிக்கினாலும் அந்தப் புள்ளியில் கண்ணாடி விரிசல் விடக்கூடும். பிறகு நீர் நிரப்பி இரண்டு நாள் கசிவு பார்த்தோம். ஒட்டுப்பசையிலிருந்து புளிக்காடி வாசம் வந்துகொண்டிருந்தால் அது இன்னும் முழுதாய்க் காயவில்லை என்று பொருள். குளியலறைக்கென்று விற்கும் பூஞ்சைத்தடுப்புப் பசையை மீன்தொட்டிக்குப் பயன்படுத்தக்கூடாது. செலவைப் பற்றி ஒரு சொல்: கண்ணாடியின் விலையை மட்டும் கேட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள். தாங்கி, வடிகட்டி, மூடி, சோதனைப்பெட்டி ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் உண்மையான தொகை தெரியும்.

ஆனால் உண்மையான ஆயத்தம் பழைய தொட்டியில் நடந்தது. ஐந்து வாரத்துக்கு முன்பே, புதிய தொட்டிக்கென வாங்கிய பஞ்சு வடிகட்டியைப் பழைய தொட்டியில், அங்கே ஏற்கெனவே இருந்த வடிகட்டியின் பக்கத்திலேயே ஓடவிட்டோம். வெள்ளையாய் இருந்த பஞ்சு மெல்ல மெல்லப் பழுப்பேறியது. அந்தப் பழுப்புக்குள்தான் நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. அதைக் குழாய்நீரில் பளிச்சென்று கழுவிவிட்டால் குளோரின் அவற்றைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே இலேசாகப் பிழிந்து அலசவேண்டும். முதல் முறை நாங்கள் செய்த மற்றொரு தவறும் இங்கே நினைவுக்கு வருகிறது: பழைய நீரையே ஊற்றினால் நுண்ணுயிர்களும் வந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். நீரில் அவை மிகக் குறைவு. பரப்புகளில் ஒட்டி வாழ்பவை அவை. பழைய கூழாங்கல்லும் மரத்துண்டும் பஞ்சும் வரவேண்டும். பழைய நீர் வராவிட்டாலும் பாதகமில்லை.

இனி நீரைப் பற்றி. மும்பைக்குக் குடிநீர் ஏழு ஏரிகளிலிருந்து வருகிறது: மேல் வைதர்ணா, நடு வைதர்ணா, மோடக் சாகர், தான்சா, பாட்சா, விஹார், துளசி. பெரும்பாலும் மழைநீர் ஆதலால் மென்னீர். எங்கள் வீட்டுக் குழாய்நீரை டி.டி.எஸ். மீட்டரால் பார்த்தால் 80, 90 என்று காட்டும். பழைய தொட்டியின் நீரோ 240 காட்டியது. கழிவும் தீனியும் மாதக்கணக்கில் அதில் உப்பாய்ச் சேர்ந்திருந்தன. நீர் பழையதாக ஆக அதன் காரகாடித்தன்மையும் மெல்ல இறங்குகிறது. மீன் அதற்குப் பழகிக்கொள்கிறது, ஏனெனில் மாற்றம் மெல்ல நடக்கிறது. அதே மீனை ஒரே கணத்தில் புதுநீருக்குள் விட்டால், அந்த நீர் எவ்வளவு தூய்மையானதாயினும், அதன் உடலின் உப்புச்சமநிலை தடுமாறும். நல்ல நீருக்கு மாற்றிய அன்றே மீன் இறந்துபோன கதைகள் பலவற்றுக்கும் இதுவே காரணம். ஆகவே மாற்றத்துக்கு முந்தைய இரண்டு வாரமும், மூன்று நாளுக்கு ஒருமுறை பழைய தொட்டியில் ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றி வந்தோம். மீட்டர் 240இலிருந்து 130க்கு இறங்கியது. அதாவது மீனைப் புதிய நீருக்குக் கொண்டுபோகும் முன், புதிய நீரை மீனிடம் கொண்டுவந்தோம்.

வீட்டில் ஆர்.ஓ. இயந்திரம் இருக்கிறதே, அந்த நீரையே ஊற்றலாமே என்று உறவினர் ஒருவர் கேட்டார். கூடாது. தாதுக்கள் பெரும்பாலும் நீக்கப்பட்ட அந்த நீரில் காரகாடித்தன்மை நிலையாக நிற்காது. மீனுக்குத் தேவையான உப்புகளும் இல்லை. குழாய்நீரே போதும், குளோரினை மட்டும் நீக்கவேண்டும். திறந்த வாளியில் காற்றுக்குமிழ் விட்டு ஒரு நாள் வைத்தால் குளோரின் போய்விடும். சில நகரங்களில் குளோரினுக்குப் பதில் குளோரமின் சேர்ப்பதுண்டு. அது வைத்திருப்பதால் போகாது. கடைகளில் ஆன்டி-குளோரின் என்று விற்கும் சொட்டுமருந்து பெரும்பாலும் சோடியம் தயோசல்பேட். குப்பியில் எழுதியுள்ள அளவை மீறாமல் பயன்படுத்தவேண்டும்.

எங்கள் குடியிருப்பில் மே மாதம் வந்தால் டேங்கர் லாரி வரத் தொடங்கும். அது ஆழ்துளைக் கிணற்று நீர். மீட்டரில் 600ஐத் தாண்டும். அந்நாள்களில் தொட்டி மாற்றுவதை நாங்கள் நினைத்தும் பார்ப்பதில்லை. ஜனவரியைத் தேர்ந்தெடுத்ததற்கு இது ஒரு காரணம். மற்றொரு காரணம் வெப்பம். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான். பொன்மீன் குளிர்நீர் மீன். மும்பையின் கோடையே அதற்குச் சோதனைதான்; அச்சோதனையோடு இடமாற்றத்தையும் சேர்க்கவேண்டாம். பெங்களூரில் காவிரி நீரும் கிணற்று நீரும் மாறி மாறி வரும் குடியிருப்புகளில் இருப்போரும், சென்னையில் லாரி நீரை நம்பியிருப்போரும் இந்த மீட்டரை ஒருமுறை நீரில் நனைத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. தில்லியில் நிலைமை வேறு. அங்கே ஜனவரியில் அறைக்குள்ளேயே நீர் 15 டிகிரிக்குக் கீழே போகும். பொன்மீன் அதைத் தாங்கும். கப்பியும் ஏஞ்சலும் ஃபைட்டரும் தாங்கா. அவற்றை மாற்றுவோர் புதிய தொட்டியில் ஹீட்டர் பொருத்தி, 25, 26 டிகிரிக்கு வந்தபின்னரே மீனை விடவேண்டும்.

மாற்றத்துக்கு முந்தைய நாள் மீனுக்குத் தீனி போடவில்லை. வெறும் வயிற்றோடு இருக்கும் மீன் வாளிநீரை அவ்வளவாக அசுத்தப்படுத்தாது. ஒரு நாள் பட்டினி பொன்மீனுக்கு ஒன்றும் செய்யாது; அதன் பார்வையைத் தாங்குவதுதான் கடினம். எங்களைக் கண்டதும் கண்ணாடிக்கு ஓடிவந்து வாயைத் திறந்து திறந்து காட்டியது. பொன்மீனின் நினைவு மூன்று விநாடிதான் என்று சொன்னவர் யாரோ, அவர் ஒருபோதும் பொன்மீன் வளர்த்திருக்கமாட்டார்.

ஞாயிறு காலை அறைவிளக்கைத் தணித்தோம். சோப்பே படாத புது வாளியில் பழைய தொட்டியின் நீரை ஆறு லிட்டர் ஊற்றி, ஒரு காற்றுக்கல்லைப் போட்டோம். மீனைப் பிடிக்க வலையைப் பயன்படுத்தவில்லை. வலையின் முடிச்சுகள் செதிலையும் செதிலின் மேலுள்ள வழுவழுப்பான படலத்தையும் உரித்துவிடும்; அந்தப் படலமே நோய்க்கிருமிகளுக்கு எதிரான அதன் முதல் அரண். ஓர் அகன்ற பிளாஸ்டிக் டப்பாவை நீருக்குள் சாய்த்து வைத்து, மற்றொரு கையால் மெல்ல அதன் பக்கம் ஒதுக்கினோம். மூன்று முறை நழுவியது. நான்காம் முறை தானாகவே டப்பாவுக்குள் நுழைந்து, ஏதோ அதுவே முடிவெடுத்ததுபோல் நின்றது. நீரோடு சேர்த்துத் தூக்கி வாளிக்குள் இறக்கினோம்.

பிறகுதான் அந்த ஒரு மணி நேரம். நிமிடத்துக்கு நூறு மில்லிலிட்டர் என்று, ஆறு லிட்டர் பன்னிரண்டு லிட்டராகும் வரை. விநாடிக்கு இரண்டு மூன்று சொட்டு என்று பொதுவாகச் சொல்லும் கணக்கு, அரை லிட்டர் நீரில் வரும் சிறுமீனுக்குத்தான் பொருந்தும். வாளிக்கு அதை வைத்துக்கொண்டால் மறுநாள் வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இந்த இடைவெளியில் பழுப்பேறிய பஞ்சு வடிகட்டியை, வாளி ஒன்றில் நீரோடு வைத்து, புதிய தொட்டிக்கு மாற்றினோம். அது உலரக்கூடாது, காற்றோட்டமின்றி மணிக்கணக்கில் நிற்கவும் கூடாது. அந்த நுண்ணுயிர்களுக்கும் ஆக்சிஜன் வேண்டும். பழைய கூழாங்கற்களையும் அப்படியே எடுத்துப் பரப்பினோம். அழுக்காகத் தெரிந்த அவற்றைப் பார்த்து எங்கள் வீட்டுப் பெரியவர் முகம் சுளித்தார். “புது வீட்டுக்குப் பழைய குப்பையையா கொண்டுபோவது?” என்றார். அந்தக் குப்பைதான் இம்முறை எங்கள் முதலீடு.

நாற்பதாவது நிமிடத்தில் மீன் ஒரு துள்ளு துள்ளித் துண்டில் மோதி மீண்டும் வாளிக்குள் விழுந்தது. துண்டு எதற்கு என்று அதுவரை கேட்டுக்கொண்டிருந்த மகன் அதன்பின் கேட்கவில்லை. வெப்பமானி வாளியில் 24 என்றும் தொட்டியில் 24 என்றும் காட்டியபின், டப்பாவால் மீனை மட்டும் ஏந்தி, வாளிநீரைப் பெரும்பாலும் வடித்துவிட்டு, தொட்டிக்குள் டப்பாவைச் சாய்த்தோம்.

கடையிலிருந்து நெடுந்தூரம் பிளாஸ்டிக் பையில் வரும் மீனுக்கு மட்டும் இந்த முறை அப்படியே பொருந்தாது. கொல்கத்தாவின் காலிஃப் தெரு ஞாயிற்றுச் சந்தையில் வாங்கி, ரயிலில் ஏழெட்டு மணி நேரம் பயணிக்கும் மீனை எடுத்துக்கொள்வோம். பைக்குள் அது விடும் மூச்சால் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து நீர் அமிலத்தன்மை அடைகிறது. அந்நிலையில் பைக்குள் சேர்ந்துள்ள அம்மோனியா பெரும்பாலும் தீங்கு குறைந்த அம்மோனியமாக அடங்கியிருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறுகிறது, காரத்தன்மை ஏறுகிறது, அடங்கியிருந்தது நஞ்சாக எழுகிறது. காரகாடி அளவு 7இலிருந்து 8க்கு ஏறினால் நச்சு அம்மோனியாவின் பங்கு ஏறத்தாழ ஒன்பது, பத்து மடங்காகும். ஆகவே அத்தகைய பையைக் கட்டவிழ்க்காமல் தொட்டியில் இருபது நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்தி, திறந்தபின் தாமதிக்காமல் மீனை எடுத்து உள்ளே விடுவதே மேல். பைநீரைத் தொட்டியில் ஊற்றுவது எப்போதுமே தவறு.

புதிய தொட்டிக்குள் போன எங்கள் மீன், நாங்கள் எதிர்பார்த்தபடி நாலாபுறமும் நீந்தி மகிழவில்லை. பின்மூலையில் போய்ச் செட்டைகளை ஒடுக்கிக்கொண்டு, நிறம் சற்று வெளுத்து, அன்று முழுதும் அசையாமல் கிடந்தது. மகள் பள்ளிப்பாடத்தைத் தொட்டியின் முன்னாலேயே அமர்ந்து எழுதினாள். விளக்கைப் போடவில்லை, தீனியும் இல்லை. இரவு பதினொரு மணிக்கு எழுந்துபோய் ஒருமுறை டார்ச் வெளிச்சத்தை வேறு பக்கம் காட்டிப் பார்த்தோம். இந்த இதழில் இதையெல்லாம் எழுதலாமா என்று தெரியவில்லை. ஆனால் இரண்டாம் முறையும் அந்தக் குழந்தையிடம் பசியாக இருக்கும் என்று சொல்லிச் சமாளிக்க எங்களால் முடிந்திராது.

மறுநாள் மாலை அது மூலையை விட்டு வெளியே வந்தது. நான்கே நான்கு தீனிமணிகள் போட்டோம், மூன்றைத் தின்றது. நாள்தோறும் காலையில் சோதனைப்பெட்டியை எடுத்து ஐந்து மில்லிலிட்டர் நீரில் சொட்டுமருந்து விட்டுப் பார்த்தோம். அம்மோனியா இல்லையேல் மஞ்சள், இருந்தால் பச்சை. முதல் இரண்டு நாள் மஞ்சள். மூன்றாம் நாள் இளம்பச்சை தட்டியது. அட்டையோடு ஒப்பிட்டால் லிட்டருக்குக் கால் மில்லிகிராம். கூழாங்கல்லை நகர்த்தியபோது அடியிலிருந்த அழுக்கு கலைந்திருக்கவேண்டும். உடனே கால் பங்கு நீரை மாற்றினோம். நான்காம் நாளும் அப்படியே. ஆறாம் நாள் மஞ்சளுக்குத் திரும்பியது. நைட்ரைட் ஒருபோதும் தலைகாட்டவில்லை. காட்டியிருந்தால் நீர்மாற்றத்தோடு லிட்டருக்கு ஒரு கிராம் கல்லுப்பைக் கரைத்துச் சேர்த்திருப்போம். நைட்ரைட் மீனின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கமுடியாமல் செய்துவிடும். உப்பிலுள்ள குளோரைடு, அது செவுள்வழியே உட்புகுவதைத் தடுக்கும்.

மின்வெட்டுக்கும் ஏற்பாடு வேண்டும். காற்றுப்பம்பு மூன்று முதல் ஐந்து வாட்தான் இழுக்கும். இன்வெர்ட்டரில் அதை இணைத்துவைப்பது பெரிய சுமையன்று.

வளர்ந்துவிட்ட மீனுக்குப் பெரிய தொட்டி வாங்க இயலாதவர்கள் அதை அருகிலுள்ள ஏரியிலோ கோயில் குளத்திலோ விட்டுவிடுவதுண்டு, நல்லெண்ணத்தோடுதான். தொட்டியின் பாசியைத் தின்னும் என்று விற்கப்படும் தென்னமெரிக்கக் கவசக் கெளுத்தி அப்படி விடப்பட்டே கேரளத்திலும் கொல்கத்தாவின் கிழக்குச் சதுப்புநிலங்களிலும் பரவி, நாட்டுமீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கடைக்காரரிடமே திருப்பிக்கொடுங்கள், பலர் விலையின்றி வாங்கிக்கொள்வார்கள். அல்லது இடமுள்ள வீட்டைத் தேடுங்கள்.

எங்களிடம் மிஞ்சியது பழைய இரண்டடித் தொட்டி. கீழ்வீட்டுச் சிறுவன் பல மாதமாய் எங்கள் வரவேற்பறையில் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நிற்பவன். அவனுக்குக் கொடுத்தோம். பொன்மீன் வேண்டாம், ஐந்தாறு கப்பி போதும் என்று அவன் தாயாரிடம் சொல்லி அனுப்பினோம். தொட்டியை வெறுமையாகக் கொடுக்கவில்லை. எங்கள் பழைய வடிகட்டியிலிருந்த பழுப்புநிறப் பஞ்சை ஈரத்தோடு ஒரு டப்பாவில் போட்டு, மகள் தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்தாள். “இதைக் குழாயில் கழுவிவிடாதே” என்று மாடிப்படியில் நின்று இரண்டு முறை சொல்வது எங்களுக்குக் கேட்டது.